சிங்கப்பூர்க் காரில் பினாங்குவரை: சாலை விதிகளில் மாறுவது எது?

தைப்பூசத்திற்குச் சிங்கப்பூரிலிருந்து சொந்தக் காரில் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குச் செல்லவிருப்பதாகவும், உடன் வயதான தாயாரும் ஆறு வயது மகளும் வருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இரு நாடுகளிலும் சாலையின் இடப்பக்கமே ஓட்டுவதால் விதிகளில் பெரிய வேறுபாடு இருக்காது என்று நண்பர்கள் சொல்கிறார்களே, அது சரிதானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பாதி சரி. இரு நாடுகளின் சாலைச் சட்டங்களும் ஆங்கிலேயர் காலத்து வழியில் வந்தவை. ஸ்டியரிங் வலப்புறம், வட்டச் சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழி, வலப்பக்கமாக முந்துவது என அடிப்படை எல்லாம் ஒன்றே. இந்த ஒற்றுமைதான் ஆபத்தும்கூட. பிரான்சுக்கோ அமெரிக்காவுக்கோ போய்க் கார் எடுப்பவர் முதல் நாள் முழுவதும் விழிப்புடன் இருப்பார். கடற்பாலத்தைக் கடந்து ஜொகூருக்குள் நுழைபவரோ தம் வீட்டருகே ஓட்டுவதைப் போலவே ஓட்டத் தொடங்கிவிடுகிறார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த வழியில் குடும்பத்துடன் போய்வருபவன் என்ற முறையில், உண்மையில் மாறுபவை எவை என்று நான் அறிந்தவரை சொல்கிறேன்.

புறப்படும் முன் ஆவணங்களைப் பார்த்துவிடுவோம். ஆசியான் நாடுகள் தங்களுக்குள் ஓட்டுநர் உரிமங்களை ஏற்றுக்கொள்ள 1985-இல் உடன்பாடு செய்துகொண்டதால், சிங்கப்பூர் உரிமத்துடன் மலேசியாவில் ஓட்டலாம். அனைத்துலக உரிமம் தேவையில்லை. ஆனால் கைபேசியில் உள்ள மின்னிலக்க உரிமத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள். அது சிங்கப்பூருக்குள் மட்டுமே செல்லுபடியாகும். வெளிநாட்டில் அட்டை வடிவ உரிமம் கையில் இருக்க வேண்டும். உங்கள் கணவரும் மாறி மாறி ஓட்டுவார் என்றால் அவருடைய அட்டையையும் இப்போதே தேடி எடுத்து வையுங்கள்.

அடுத்தது வி.இ.பி. எனப்படும் வாகன நுழைவு அனுமதி. சிங்கப்பூரில் பதிவான கார் நிலவழியாக மலேசியாவுக்குள் நுழைய, மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறையிடம் முன்கூட்டியே பதிவுசெய்து, அது தரும் மின்னணு வில்லையைக் காரில் ஒட்டிச் செயல்படுத்தியிருக்க வேண்டும். பல ஆண்டுகள் தள்ளிப்போடப்பட்ட இந்த விதி, 2024 அக்டோபர் முதல் எச்சரிக்கை அளவிலும், 2025 ஜூலை 1 முதல் 300 ரிங்கிட் அபராதத்துடனும் நடைமுறைக்கு வந்துவிட்டது. வில்லையை ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். இணையத்தில் அதைச் செயல்படுத்தி, கட்டணம் செலுத்தும் மின்பணப்பையுடன் இணைத்த பிறகே அது செல்லுபடியாகும். ஒவ்வொரு முறை மலேசியாவுக்குள் நுழையும்போதும் 20 ரிங்கிட் சாலைக் கட்டணமும் உண்டு. தைப்பூச வாரத்தில் விண்ணப்பிக்கலாம் என்று காத்திருக்க வேண்டாம்; வில்லை கைக்கு வர நாள் பிடிக்கும்.

காப்புறுதிப் பத்திரத்தையும் ஒருமுறை எடுத்து வாசியுங்கள். சிங்கப்பூர் மோட்டார் காப்புறுதிகளில் பெரும்பாலானவை மேற்கு மலேசியாவையும் சேர்த்தே பாதுகாப்புத் தருகின்றன. ஆனால் பழுதான காரை இழுத்து வருவதற்கான செலவு எதுவரை, விபத்துக்குப் பிறகு எந்தப் பட்டறைக்குக் கொண்டுசெல்லலாம் என்பவை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பினாங்கு ஏறத்தாழ 700 கிலோமீட்டர் தொலைவு. அங்கே கார் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதற்கு விடை புறப்படும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். வாடகைக் காரில் போவதானால், மலேசியாவுக்குள் கொண்டுசெல்ல நிறுவனத்தின் எழுத்துபூர்வ அனுமதியும் அந்தக் காருக்குரிய வி.இ.பி.யும் தேவை.

சிங்கப்பூரின் முக்கால் தொட்டி விதியைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் பதிவான கார் மலேசியாவுக்குப் புறப்படும்போது அதன் பெட்ரோல் தொட்டி குறைந்தது முக்கால் பங்கு நிரம்பியிருக்க வேண்டும். மலேசியாவில் பெட்ரோல் மலிவு என்பதற்காக எல்லோரும் காலித் தொட்டியுடன் போய் நிரப்பி வந்துவிடக் கூடாது என்பதற்காக 1989-இல் அரைத் தொட்டி விதி கொண்டுவரப்பட்டு, 1991-இல் அது முக்கால் ஆக்கப்பட்டது. மீறினால் 500 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) வரை அபராதம் விதிக்கப்படலாம். காரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒரு நோன்புப் பெருநாள் விடுமுறையில், துவாஸ் சோதனைச்சாவடிக்கு இரண்டு மணி நேரம் ஊர்ந்து வந்து சேர்ந்தபோது எங்கள் காரின் எண்ணெய் முள் முக்கால் கோட்டுக்கு ஒரு மயிரிழை கீழே இருந்தது. வீட்டிலிருந்து கிளம்பும்போது சரியாக முக்காலில்தான் இருந்தது. வரிசையில் நின்ற நேரம் முழுவதும் குளிர்சாதனம் ஓடியதைக் கணக்கில் எடுக்காமல் விட்டது என் தவறு. அதிகாரி விளக்கடித்து முள்ளைப் பார்த்தார், பிறகு திரும்பும் பாதையைக் கைகாட்டினார். பின்னிருக்கையில் பிள்ளைகள் உறங்கிக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து முதல் நாள் இரவே முழுத் தொட்டியாக நிரப்பிவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். உங்களுக்கும் அதையே சொல்வேன்.

பெட்ரோல் விதி எல்லைக்கு அப்பாலும் தொடர்கிறது. மலேசியாவில் ரான் 95 பெட்ரோல் அந்நாட்டு மக்களுக்காக அரசு மானியம் கொடுத்து விற்கும் எரிபொருள். வெளிநாட்டு எண் கொண்ட வாகனங்களில் அதை நிரப்ப 2010 ஆகஸ்டு முதலே தடை இருக்கிறது. பெரும்பாலான நிலையங்களில் மஞ்சள் கைப்பிடி உள்ள குழாய் ரான் 95. நீங்கள் ரான் 97 அல்லது அதற்கு மேற்பட்டதையே கேட்க வேண்டும். யாரும் பார்க்கவில்லை என்று மஞ்சள் குழாயை எடுத்த சிங்கப்பூர்க் கார்களின் படங்கள் அவ்வப்போது சமூக ஊடகங்களில் பரவி, அங்குள்ள மக்களின் மனத்தில் கசப்பை வளர்க்கின்றன. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். இன்னொரு நாட்டு மக்களின் வரிப்பணத்தில் தரப்படும் சலுகையை நாம் எடுத்துக்கொள்வது முறையாகாது என்பது என் உறுதியான எண்ணம். ரான் 97 வாங்கினாலும் சிங்கப்பூர் விலையைவிட மிகவும் குறைவாகவே இருக்கும்.

இனிச் சாலைக்கு வருவோம். சிங்கப்பூரில் மின்னியல் சாலைக் கட்டணம் 1998 முதல் நுழைவாயில்களின் கீழ் தானாகக் கழிக்கப்படுவதால், நிறுத்திக் கட்டணம் கட்டும் பழக்கமே நமக்கு இல்லை. மலேசியாவின் வடக்கு–தெற்கு விரைவுச்சாலையில் டோல் சாவடிகள் உண்டு; ரொக்கம் வாங்க மாட்டார்கள். டோல் கட்டுவதற்கான டச் அண்ட் கோ அட்டையில் முன்கூட்டியே போதிய பணம் நிரப்பி வைத்துக்கொள்ள வேண்டும். நெடுந்தொலைவுப் பகுதிகளில் நுழையும்போது தட்டிய அதே அட்டையைத்தான் வெளியேறும்போதும் தட்ட வேண்டும், ஏனெனில் நீங்கள் எங்கே ஏறினீர்கள் என்பது அந்த அட்டையில்தான் பதிவாகிறது. கணவர் ஓட்டும்போது அவருடைய அட்டை, நீங்கள் ஓட்டும்போது உங்களுடையது என்று மாற்றினால் சாவடியில் மாட்டிக்கொள்வீர்கள். வரிசைகளின் மேலுள்ள குறியைத் தொலைவிலேயே கவனியுங்கள்: அட்டையைத் தட்டாமலே கட்டணம் கழியும் ஸ்மார்ட் டேக், ஆர்.எஃப்.ஐ.டி. வரிசைகளில் அதற்குரிய கருவியோ வில்லையோ இல்லாமல் நுழைந்தால் பின்னால் நிற்பவர்கள் அத்தனை பேரும் பின்வாங்க வேண்டியிருக்கும். பினாங்குப் பாலத்தில் தீவுக்குள் செல்லும் திசையில் மட்டுமே டோல், திரும்பும்போது இல்லை.

வேக வரம்பு எல்லோருக்கும் தெரிந்த வேறுபாடு. சிங்கப்பூர் விரைவுச்சாலைகளில் உச்சவரம்பு 90 கிலோமீட்டர், பலகை இல்லாத மற்ற சாலைகளில் 50. மலேசிய விரைவுச்சாலையில் 110, கூட்டரசுச் சாலைகளிலும் மாநிலச் சாலைகளிலும் 90. பெருநாள் காலங்களில் கூட்டரசு, மாநிலச் சாலைகளின் வரம்பைத் தற்காலிகமாக 80 ஆகக் குறைப்பதும் வழக்கம். 110 என்ற எண் சாலை நெடுகிலும் பொருந்தாது. ஈப்போவைத் தாண்டி மெனோரா சுரங்கப்பாதையை ஒட்டிய மலைச்சரிவில் வரம்பு வெகுவாகக் குறைகிறது. தானியங்கிக் கேமராக்களும் இத்தகைய இடங்களில்தான் வைக்கப்பட்டிருக்கின்றன. சரக்கு லாரிகள் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும் அந்தச் சரிவில், மாலை மழையில், 110-இல் வந்து திடீரென்று பிரேக் போடுபவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சிங்கப்பூரில் எவ்வளவு தேர்ந்த ஓட்டுநராக இருந்தாலும், தீவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்விடுவதால், எட்டு மணி நேரம் தொடர்ந்து வேகமாக ஓட்டும் பயிற்சி நமக்கு இருப்பதில்லை. இதை எந்தச் சட்டப் புத்தகமும் சொல்லாது. மச்சாப், பாகோ, ஆயர் குரோ, தாப்பா என்று ஓய்விடங்கள் வழியெங்கும் இருக்கின்றன. இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை கட்டாயம் நிறுத்துங்கள். தாயாருக்கும் அது நல்லது.

வல ஓரத் தடம் முந்துவதற்கு மட்டும் என்பது இரு நாடுகளிலும் உள்ள விதிதான். மலேசியாவில் அதை மதிக்காமல் வலத் தடத்திலேயே 90-இல் போய்க்கொண்டிருந்தால், பின்னால் விளக்கை மின்னவிட்டபடி ஒரு கார் ஒட்டிக்கொண்டு நிற்கும். கோபப்படாமல் இடப்பக்கம் ஒதுங்கிவிடுங்கள். முந்தி முடித்ததும் இடத் தடத்துக்குத் திரும்புவதைப் பழக்கமாக்கிக்கொண்டால் இந்தத் தொல்லையே வராது. நெரிசலில் அவசரத் தடத்தில் ஏறிச் செல்பவர்களைக் காண்பீர்கள். அவர்களைப் பின்தொடரவே கூடாது. அது குற்றம் என்பதோடு, ஆம்புலன்சுக்கான வழி அது. தைப்பூசம், சீனப் புத்தாண்டு போன்ற காலங்களில் இந்தக் குற்றத்தின்மீது அமலாக்கம் கடுமையாகவே இருக்கும்.

மோட்டார் சைக்கிள்களைப் பற்றித் தனியே சொல்லாமல் இருக்க முடியாது. மலேசியாவில் ஆண்டுக்கு 6,000-க்கும் மேற்பட்டோர் சாலை விபத்துகளில் இறக்கின்றனர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். சிங்கப்பூரில் நாம் பார்ப்பதைவிடப் பல மடங்கு மோட்டார் சைக்கிள்கள் ஜொகூர் பாருவிலும் பினாங்கிலும் ஓடுகின்றன. சிறிய கூட்டரசுச் சாலைகளில் பள்ளிப் பிள்ளையைப் பின்னால் வைத்துக்கொண்டு எதிர்த்திசையில் ஓரமாக வருபவரும் உண்டு. சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது இரு கார்களுக்கு நடுவே அவர்கள் வந்து முன்னால் சேர்ந்துவிடுவார்கள். பச்சை விழுந்ததும் சட்டென்று திரும்பாமல், இடக் கண்ணாடியை ஒருமுறை, தோளுக்கு மேல் ஒருமுறை பார்த்துவிட்டே திரும்புங்கள். ஓரமாக நிறுத்தும்போது மகள் கதவைத் திறக்காமல் இருக்கக் குழந்தைப் பூட்டைப் போட்டுவையுங்கள்.

திரும்பும் விதிகளில் இரண்டு நுட்பமான வேறுபாடுகள் உண்டு. சிங்கப்பூரில் யூ வளைவு அனுமதிப் பலகை இருக்கும் இடத்தில் மட்டுமே யூ வளைவு எடுக்கலாம். பலகை இல்லையென்றால் தடை என்று பொருள். மலேசியாவில் பொதுவாகத் தடைப்பலகை இருந்தால்தான் தடை. சிங்கப்பூரர்கள் அங்கே தேவையில்லாமல் வெகுதூரம் போவது சிறு இழப்பு. மலேசிய உறவினர் இங்கே வந்து பழக்கத்தில் வளைத்து அபராதம் கட்டுவதே அடிக்கடி நடப்பது. மற்றொன்று, வலப்பக்கம் திரும்புவது. சிங்கப்பூரின் சில சந்திப்புகளில் இன்னும் பச்சை விளக்கின்போது எதிர்வரும் வாகனங்களுக்கு வழிவிட்டு நாமே பார்த்துத் திரும்புகிறோம். மலேசியாவின் பெரிய சந்திப்புகள் பலவற்றில் ஒவ்வொரு திசைக்கும் தனித்தனியே பச்சை விழும். அதனால் காத்திருக்கும் நேரம் நீளும், சிவப்பு விழுந்த முதல் நொடிகளில் கடைசி வாகனங்கள் பாய்வதும் நடக்கும். உங்களுக்குப் பச்சை வந்தாலும் இரு பக்கமும் பார்த்தே புறப்படுங்கள்.

பலகைகளின் மொழி முதல்முறை செல்பவர்களைத் தடுமாற வைக்கும். சிங்கப்பூரில் சாலைப் பலகைகள் ஆங்கிலத்தில் இருக்க, மலேசியாவில் அவை மலாயில் இருக்கின்றன. எண்கோணச் சிவப்புப் பலகையில் ‘பெர்ஹென்தி’ என்றிருந்தால் முழுமையாக நிறுத்த வேண்டும். ‘பெரி லாலுவான்’ என்றால் வழிவிடுக. ‘ஆவாஸ்’ என்றால் அபாயம், ‘கூராங்கான் லாஜு’ என்றால் வேகத்தைக் குறைக்கவும், ‘லென்சோங்கான்’ என்றால் மாற்றுவழி, ‘கெலுவார்’ என்றால் வெளியேறும் வழி, ‘ஜாலான் செஹாலா’ என்றால் ஒருவழிச்சாலை. திசைகளில் ‘உத்தாரா’ வடக்கு, ‘செலாத்தான்’ தெற்கு. பினாங்குக்குப் போகும்போது உத்தாராவைப் பிடியுங்கள், வீடு திரும்பும்போது செலாத்தானை. தைப்பூச நாளில் தண்ணீர்மலையை ஒட்டிய ஜாலான் கெபுன் பூங்கா பக்கம் சாலைகள் மூடப்படுவதால் ‘லென்சோங்கான்’ பலகையைத்தான் அதிகம் காண்பீர்கள். காரைத் தொலைவிலேயே நிறுத்திவிட்டு நடப்பதற்குத் தாயாரின் நடை இடம்கொடுக்குமா என்று யோசித்து, விடுதியைக் கோயிலுக்கு அருகில் எடுப்பது நல்லது.

மது குறித்த விதியில் பலரும் நினைப்பதற்கு நேர்மாறாக மலேசியாதான் கடுமையானது. சிங்கப்பூரில் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மது என்பது வரம்பு. மலேசியா 2020 அக்டோபரில் தன் சட்டத்தைத் திருத்தி அதை 50 மில்லிகிராமாகக் குறைத்தது; முதல் குற்றத்துக்கே குறைந்தது 10,000 ரிங்கிட், அதிகபட்சம் 30,000 ரிங்கிட் அபராதமும் இரண்டு ஆண்டுகள் வரை சிறையும் உண்டு. சிங்கப்பூர் அளவை மனத்தில் வைத்து, ‘ஒரு கிளாஸ் தாங்கும்’ என்று ஜொகூர் உணவகத்தில் கணக்குப் போடுபவர் தவறாகவே போடுகிறார். ஓட்டுபவர் ஒரு துளியும் தொடாமல் இருப்பதே சரி.

உங்கள் மகளைப் பொறுத்தவரை, சிங்கப்பூரில் 1.35 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள பிள்ளைக்கு அதற்கேற்ற இருக்கை கட்டாயம். மலேசியாவிலும் 2020 ஜனவரி முதல் குழந்தை இருக்கை கட்டாயமாகிவிட்டது. ஆகவே வழக்கமாக அவள் அமரும் உயர்த்தி இருக்கையை அப்படியே கொண்டுபோங்கள்; நீண்ட பயணத்தில் பாட்டியின் மடியில் உறங்கட்டும் என்று இறக்கிவிடாதீர்கள். பின்னிருக்கையில் தாயாரும் வார் அணிந்திருக்க வேண்டும். இரு நாடுகளிலும் ஓட்டும்போது கைபேசியைக் கையில் பிடிப்பது குற்றம். வழிகாட்டிச் செயலியைத் தாங்கியில் பொருத்திவிட்டு, மாற்றம் தேவைப்பட்டால் அருகில் இருப்பவர் செய்யட்டும்.

விபத்து நேர்ந்தால் செய்ய வேண்டியதும் மாறுகிறது. சிங்கப்பூரில் காயமில்லாத சிறு மோதலுக்கு 24 மணி நேரத்திற்குள் காப்புறுதி நிறுவனத்திடம் தெரிவிப்பதே முதல் வேலை. மலேசியாவில் சிறு மோதலாக இருந்தாலும் 24 மணி நேரத்திற்குள் காவல் நிலையத்தில் புகார் பதிய வேண்டும்; அந்த அறிக்கை இல்லாமல் ஊர் திரும்பினால் இழப்பீடு கேட்பது பெரும்பாடாகிவிடும். அவசர எண்ணையும் மாற்றி நினைவில் கொள்ளுங்கள்: சிங்கப்பூரில் காவல்துறைக்கு 999, ஆம்புலன்சுக்கு 995. மலேசியாவில் இரண்டுக்கும் 999. தாயாருக்கு உடல்நலம் சரியில்லை என்றால் பதற்றத்தில் விரல் தானாக 995-ஐத் தேடும் என்பதால் இதை வலியுறுத்துகிறேன்.

அபராதச் சீட்டு வந்தால் எல்லை தாண்டிவிட்டோம் என்று கிழித்துப் போடும் காலம் போய்விட்டது. அபராதம் பாக்கி வைத்த வெளிநாட்டு வாகனங்களைச் சிங்கப்பூர் 2019 ஏப்ரல் முதல் உள்ளே விடுவதில்லை. மலேசியாவிலும் வி.இ.பி. வில்லை வந்த பிறகு, வண்டி யாருடையது என்பது அவர்களுக்கு உடனே தெரிந்துவிடுகிறது. இங்கே ஒரு சொல் குழப்பத்தையும் சொல்லிவைக்கிறேன்: மலேசியத் தமிழர்கள் ரிங்கிட்டையும் ‘வெள்ளி’ என்றே சொல்வார்கள். அங்கே ஒருவர் முன்னூறு வெள்ளி என்றால், அது மலேசிய வெள்ளி.

ஈப்போவிலுள்ள உங்கள் சிற்றப்பா பிறகு தம் காரில் சிங்கப்பூருக்கு வர விரும்புகிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். வெளிநாட்டுக் கார்கள் சிங்கப்பூருக்குள் நுழைந்து கட்டணம் செலுத்துவதற்கான ஆட்டோபாஸ் அட்டையை அவர் எடுக்க வேண்டும். வார நாள்களில் அதிகாலை 2 மணி முதல் மாலை 5 மணி வரையிலான நேரத்திற்கு நாளொன்றுக்கு 35 சிங்கப்பூர் வெள்ளி நுழைவுக் கட்டணம் உண்டு. சனி, ஞாயிறு, பொது விடுமுறைகளில் அது இல்லை. ஒவ்வொரு நுழைவுக்கும் 6.40 வெள்ளி சாலைக் கட்டணம் தனி. அவர் வெள்ளிக்கிழமை மாலை 5 மணிக்குப் பிறகு நுழைந்து ஞாயிறு இரவு திரும்பினால் 35 வெள்ளிக் கட்டணமே வராது. நிறுத்துமிடக் கோடுகளையும் சொல்லிவையுங்கள்: சாலையோரத்தில் ஒற்றை மஞ்சள் கோடு இருந்தால் பகல் நேரத்தில் நிறுத்தக் கூடாது, இரட்டை மஞ்சள் கோடு இருந்தால் எந்நேரமும் கூடாது. ‘வண்டியை இங்கே வைத்துக்கொள், தேவைப்படும்போது ஓட்டு’ என்று அவர் அன்போடு சொன்னாலும் ஏற்காதீர்கள். சிங்கப்பூரில் வசிக்கும் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் பதிவான காரைச் சிங்கப்பூர்ச் சாலையில் ஓட்ட அனுமதியில்லை. அவர் களைத்திருக்கிறாரே என்று ஒரு தெருவுக்குக்கூட ஸ்டியரிங்கை வாங்கிக்கொள்ள வேண்டாம்.

திரும்பும் நேரத்தையும் இப்போதே தீர்மானித்துக்கொள்ளுங்கள். தைப்பூசம் பினாங்கு, சிலாங்கூர், ஜொகூர் உள்ளிட்ட பல மாநிலங்களில் பொது விடுமுறை, சிங்கப்பூரில் இல்லை. அதனால் விடுமுறைக்கு மறுநாள் விடியற்காலையில் ஜொகூரிலிருந்து வேலைக்கு வருபவர்களின் மோட்டார் சைக்கிள்கள் நான்கு மணி முதலே உட்லண்ட்ஸ் நோக்கி வெள்ளமாகப் பெருகும். இரவெல்லாம் ஓட்டிக் களைத்த கண்களுடன் அந்த நேரத்தில் கடற்பாலத்தில் ஏறாதீர்கள். மலாக்காவிலோ ஜொகூர் பாருவிலோ ஓர் இரவு தங்கி, காலை பத்து மணிக்கு மேல் துவாஸ் இரண்டாம் பாலம் வழியாக வாருங்கள்.